ஒரே புத்தகத்தில் முடிகிற ஆட்டம்

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, சேர்ந்து ஒரு கதையை நடத்துகிற விளையாட்டுக்கு டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்று பெயர். ஒருவர் மட்டும் நடத்துநர். "குகை வாசலில் காவலாளி தூங்குகிறான். என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்பார். மற்றவர்கள் சொல்வார்கள். சொன்னது பலித்ததா என்பதைப் பகடை முடிவு செய்யும். தாள், பென்சில், பகடை, கொஞ்சம் வாய்... செலவே இல்லாத ஆட்டம் என்றுதான் தோன்றும். செலவெல்லாம் விதிப்புத்தகத்தில் இருக்கிறது!

இந்த வகையின் மூத்த ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்டார்கள். பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். போதாதென்று, கையில் இருக்க வேண்டியவை என்ற பட்டியலில் 'செயின்மெயில்' என்ற வேறொரு விதிநூலும், வேறொரு கம்பெனியின் பலகை விளையாட்டும் இருந்தன. அடுத்து வந்த 'அட்வான்ஸ்டு' பதிப்பு இன்னும் வேடிக்கை. 1977இல் அரக்கர்கள் புத்தகம், 1978இல் வீரர்கள் புத்தகம், 1979இல்தான் நடத்துநர் புத்தகம். முதலில் அரக்கன் வந்துவிட்டான். அவனோடு சண்டை போடும் முறை கடைசியில் வந்தது.

இதற்கு மாற்று சீக்கிரமே வந்தது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்து நூலகர் கென் செயின்ட் ஆண்ட்ரே 1975இல் 'டனல்ஸ் அண்ட் ட்ரால்ஸ்' எழுதினார். ஒரே புத்தகம். விசித்திரப் பகடைகள் வேண்டாம், எந்த வீட்டிலும் கிடக்கும் ஆறுமுகப் பகடையே போதும்.

ஆனால் ஒரே புத்தகம் என்றதும் பல பழைய ஆட்டக்காரர்கள் நினைப்பது 1991இல் வந்த 'ரூல்ஸ் சைக்ளோபீடியா'வைத்தான். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு என்று நான்கு பெட்டிகளில் சிதறிக் கிடந்த ஃபிராங்க் மென்ட்சரின் விதிகளை ஆரன் ஆல்ஸ்டன் 304 பக்கங்களில் அடக்கினார். முதல் நிலையில் இருக்கும் கற்றுக்குட்டியிலிருந்து 36ஆம் நிலை வரை, அரக்கர்கள், மந்திரங்கள், வரைபடம், ஒரு நாட்டை ஆள்வது, படையோடு படை மோதுவது எல்லாம் அதில் உண்டு. ஐந்தாவதான பொன்னிறப் பெட்டியைத்தான் முழுதாகச் சேர்க்கவில்லை. சாகாவரம் பெற்றவர்களுக்கான விதிகள் அவை; அந்த உயரம் வரை ஆடுகிறவர்கள் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்?

ஒரு இழப்பையும் சொல்லியாக வேண்டும். 1983இன் சிவப்புப் பெட்டி, வாசகனைத் தனியாக ஒரு கதைக்குள் அழைத்துப்போய் ஆடவே கற்றுக்கொடுத்தது. அதில் வரும் அலீனா சாகும்போது மனம் கலங்கியவர்கள் உண்டு. சைக்ளோபீடியாவில் அலீனாவுக்கு இடமில்லை. பொடி எழுத்தில் விதிகள், அட்டவணைகள், மேலும் அட்டவணைகள். தெரிந்தவனுக்குப் புதையல், புதியவனுக்குப் பாறாங்கல்.

வியாபாரியின் சங்கடமும் புரிகிறது. எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் எதை விற்பது? அதனால்தான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அண்மைப் பதிப்புகூட 2024இல் இரண்டு நூல்களாக வந்து, மூன்றாவதான அரக்கர் நூல் 2025 பிப்ரவரியில்தான் முடிந்தது.

மாணவர் குழுவுக்கோ கணக்கு வேறு. ஐந்து பேர் காசு போட்டு ஒரு புத்தகம் வாங்கினால் ஆட்டம் முழுக்க அவர்களுடையது. "அது என்னிடம் உள்ள புதிய தொகுதியில் இருக்கிறது" என்று யாரும் மேசையில் சட்டம் பேச முடியாது. கம்பெனியின் கதியும் பெரிதாகத் தொடாது. சைக்ளோபீடியாவை வெளியிட்ட டிஎஸ்ஆர் கடனில் மூழ்கி 1997இல் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வசம் போனது. அந்த வரிசையில் புதிய புத்தகங்கள் வருவது அதற்கு முன்பே நின்றிருந்தது. கையில் அந்த ஒரு புத்தகம் இருந்தவர்கள் சனிக்கிழமை வழக்கம்போல் கூடி, விட்ட இடத்திலிருந்து ஆடலாம். பகடை மட்டும் தனியாக வாங்க வேண்டும்.