மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு கேம்ஷாஃப்ட்

அகல் விளக்கும் பீங்கான் பொம்மையும் பார்க்கத்தான் விருத்தாசலம் போனது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில் இது. ஃப்யூஸ் கட்டை, இன்சுலேட்டர், அகல், பொம்மை என்று சிறிதும் பெரிதுமாகப் பட்டறைகள். பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தர அரசு நிறுவனமும் உண்டு. மண்ணைப் பற்றி எழுத வேண்டியது நிறையக் கிடைத்தது. ஆனாலும் என் நோட்டில் பாதிக்கு மேல் நிரம்பியது பட்டறைகளைத் தாண்டி, வேப்பமரத்தடியில் இருந்த ஒரு மெக்கானிக் ஷெட்டில்தான். உள்ளே பானட்டைத் திறந்து போட்டபடி வெள்ளை காண்டெஸா ஒன்று நின்றது.

காண்டெஸாவை ‘இந்தியாவின் மசில் கார்’ என்று கொண்டாடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நீண்ட மூக்கு, அகன்ற உடம்பு. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விஎக்ஸ் காரின் அச்சை வாங்கி இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் இறக்கிய வண்டி. தோற்றத்தில் பயில்வான், ஆனால் முதலில் வந்தவற்றுக்குள் வைத்தது அம்பாசடரின் அதே 1489 சிசி இன்ஜின், ஏறக்குறைய 50 குதிரைத்திறன். பிறகுதான் 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் வந்தது. 2002-இல் காண்டெஸா நின்றது. 2014-இல் உத்தர்பாராவில் அம்பாசடரும் நின்றது. ஷெட்டில் நின்றது அந்தப் பழைய, 1489 சிசி ரகம்.

வண்டிக்காரர் ஃப்யூஸ் கட்டை செய்யும் பட்டறை வைத்திருப்பவர். காரை மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடுகிறார். “டக்கு டக்குன்னு அடிக்குது, பிக்கப் இல்ல, கார்ப்பரேட்டர்ல இருமுது” என்பது அவர் புகார். வேறொரு இடத்தில் டேப்பட் டைட் வைத்து, அதாவது வால்வு இடைவெளியைக் குறைத்துக் கொடுத்தார்களாம். ஒரே வாரத்தில் மறுபடி அதே சத்தம்.

“டைட் வெச்ச டேப்பட் உடனே லூஸ் ஆனா, கோளாறு டேப்பட்ல இல்லண்ணே, கீழ இருக்கு” என்றார் மெக்கானிக். ஐம்பதைத் தாண்டிய மனிதர். பையன்கள் ‘மேஸ்திரி’ என்று கூப்பிட்டார்கள். வண்டிக்காரரை அவர் ‘சார்’ என்பார். நான் எப்படியோ ‘அண்ணே’ ஆகியிருந்தேன்.

இரவெல்லாம் ஆறிய இன்ஜின். ராக்கர் கவரைக் கழற்றினார். எட்டு வால்வுக்கும் ஒன்பது கணக்கு ஒன்று உண்டு: நான்காவது வால்வு முழுக்கத் திறந்து நிற்கும்போது ஐந்தாவதைப் பார், எட்டாவது திறந்திருந்தால் ஒன்றாவதைப் பார், கூட்டினால் ஒன்பது வர வேண்டும். ராக்கருக்கும் வால்வுக்கும் இடைவெளி 15 தௌ, அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. ஐந்தாவதில் ஃபீலர் கேஜ் சரியாகத்தான் நுழைந்தது. அவர் அதை நம்பவில்லை. ராக்கரைத் தூக்கி, வால்வைத் தொடும் நுனியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நுனி நடுவில் குழிந்திருந்தது. கேஜ் தகடு குழிக்குள் இறங்காமல் இரண்டு கரையிலும் பாலமாகக் கிடப்பதால் 15 என்று காட்டும். உண்மை இடைவெளி அதைவிடக் கூடுதல். சத்தத்தில் ஒரு பங்கு அங்கிருந்து வந்தது.

மிச்சப் பங்கைத் தேட டயல் கேஜை எடுத்தார். ராக்கர் ஷாஃப்டை இறக்கிவிட்டு, ஒவ்வொரு புஷ்ராடின் தலையிலும் கேஜ் முள்ளை வைத்து இன்ஜினைக் கையால் சுற்றி, ராடு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று சுவரில் சாக்பீஸால் எழுதினார். ஏழு எண்கள் ஒன்றுக்கொன்று ஒட்டி நின்றன. ஐந்தாவது மட்டும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைவு. டேப்பட் வழியாக அந்த ராடைத் தள்ளும் கேமின் மேடு தேய்ந்திருக்கிறது. ராக்கர் அந்த அசைவை ஏறக்குறைய 1.4 மடங்காக்கி வால்வுக்குக் கொடுக்கும். ஆகவே வால்வு திறப்பில் குறைவு இன்னும் கூடுதல். இந்த இன்ஜினில் 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட் வால்வுகள். ஐந்தாவது, மூன்றாம் சிலிண்டருடையது. எரிந்த புகை முழுதாக வெளியேறாமல் தேங்கி, இன்லெட் வால்வு திறந்ததும் அந்த வழியே கார்ப்பரேட்டருக்கு ஏறுகிறது. இருமல் அதுதான். கம்ப்ரஷன் கேஜில் நாலு சிலிண்டரும் நல்லபடியாகவே காட்டின. தேய்ந்த கேமை அந்தச் சோதனை பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது. பல ஷெட்டுகள் அதோடு நிறுத்திக்கொண்டு கார்ப்பரேட்டரைக் கழுவுவதில் இறங்கிவிடுகின்றன.

மேனிஃபோல்டைக் கழற்றிப் பக்கவாட்டு மூடியைத் திறந்து, டேப்பட்டை விரலால் வெளியே எடுத்தார். குட்டி டம்ளர் மாதிரி இருந்தது. அதன் அடிப்பாகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வெளியே புடைத்திருக்க வேண்டும். கேமின் மேடும் லேசாகச் சரிவாகக் கடைந்தது. இரண்டும் சேர்ந்துதான் ஓடும்போது டேப்பட்டைச் சுழல வைக்கின்றன. சுழன்றால் தேய்மானம் பரவும், ஓரிடத்தில் குழி விழாது. வெளியே எடுத்த டேப்பட்டின் அடியில் ஸ்கேலின் விளிம்பை வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். நடுவில் ஒளி கசிந்தது. குழிந்த டேப்பட் சுழலாது. சுழலாதது கேமைத் தின்னும்.

ஓட்டப்பந்தயம் போகாத கார் எப்படி இப்படித் தேய்ந்தது? பதிலைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மாப்பிள்ளை அழைப்புதான் காரணம். நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒரு மணி நேரம் முதல் கியரில் நடை. கேமின் உச்சி மேட்டுக்கு எண்ணெய் பெரும்பாலும் தெறித்துத்தான் வருகிறது. ஐடிலிங்கில் தெறிப்பு குறைவு. அதோடு, வேகமாகச் சுற்றும்போது வால்வின் ஓட்டமே ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஒரு பகுதியை உச்சியில் குறைத்துவிடும்; மெதுவாகச் சுற்றினால் முழுப் பளுவும் அந்த மெல்லிய கோட்டில்தான். இதற்கு மேல் ஊரின் தூசி. களிமண்ணில் கலந்த குவார்ட்ஸ் துகள் உரசும் சாமான். ஏர் ஃபில்டரைக் கவனிக்காமல் விட்டால் எண்ணெயில் சேர்ந்து அரைக்கும். ஆயிலும் ஒரு காரணம். புகைக்குழாயில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வைத்த கார்களுக்காகப் புது பெட்ரோல் ஆயில்களில் பாஸ்பரஸ் குறைக்கப்பட்டிருக்கிறது. துத்தநாகத்தோடு சேர்ந்து கேமைக் காத்து வந்த சரக்கு அது. வண்டிக்காரர் நல்லெண்ணத்தில் விலை கூடிய மெல்லிய ஆயிலை ஊற்றி வந்திருக்கிறார். மேஸ்திரி 20-50 போதும் என்கிறார்.

கேம் தேர்வு பெரிய விவாதமானது. வண்டிக்காரரின் மகன் பெங்களூரிலிருந்து போனில் ‘ரேஸ் கேம்’ போடச் சொன்னார். 1964 போன்டியாக் ஜிடிஓ முதலான அமெரிக்க வி8 கார்கள் ஐடிலிங்கில் விட்டு விட்டு உறுமுமே, அந்த உறுமல் வேண்டுமாம். இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒரே நேரத்தில் கூடுதல் நேரம் திறந்திருப்பதால் வரும் சத்தம் அது. வால்வை நீண்ட நேரம் திறந்து வைக்கும் கேம், இன்லெட்டைத் தாமதமாக மூடும். கம்ப்ரஷன் ஏற்கெனவே குறைவான இந்த இன்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது காற்றின் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும். கீழ்வேகத்தில் இழுவை செத்துவிடும். கூடும் சக்தியும் ஆர்பிஎம் ஏறிய பிறகுதான். நீண்ட ஸ்ட்ரோக்கும் மூன்றே மெயின் பேரிங்கும் உள்ள இன்ஜினை அந்த வேகத்துக்கு விரட்டுவது வீண். மகனுக்கு மேஸ்திரி இதையெல்லாம் சொல்லவில்லை. “தம்பி, உறுமுற வண்டி பொண்ணு வீட்டு வாசல்ல ஆஃப் ஆயிடும்” என்றார்.

ஆக, ஸ்டாண்டர்ட் கேம். எங்கே கிடைக்கும்? சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய கேம் கிடைக்கும். ஆனால் ஓடிய கேமுக்கு அதே டேப்பட், அதே வரிசையில் வர வேண்டும். அங்கே யார் வரிசை பார்த்து எடுத்து வைப்பார்கள்? பழையதையே திரும்பக் கடையலாம். அப்போது கடினமான மேல்தோல் மெலியும், அடிவட்டமும் சிறுக்கும். இந்தக் கேமில் தேய்மானம் தோலைத் தாண்டிவிட்டது. கடைசியில் சென்னையிலேயே ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடைக்காரர் பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் ஒன்றைத் தேடி எடுத்தார். எட்டு டேப்பட்டும் புதிது. டேப்பட்டில் காசை மிச்சம் பிடிக்க வண்டிக்காரர் கேட்டுப் பார்த்தார். மேஸ்திரி பேச்சையே மாற்றிவிட்டார். என் கணிப்பில் அந்த வேலையில் எடுத்த சரியான முடிவு அதுதான்.

டிஸ்ட்ரிபியூட்டர் டிரைவும் ஆயில் பம்பும் கேமிலிருந்தே ஓடுகின்றன. அவற்றை இறக்கிய பிறகுதான் கேம் முன்பக்கமாக உருவி வரும். டைமிங் செயினும் தொய்ந்திருந்தது, அதையும் மாற்றினார்கள். புதுக் கேமின் மேடுகளில் கறுப்புப் பசையைத் தடவி ஏற்றினார்கள். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிங்குக்கு விடாமல் 2,000 ஆர்பிஎம்மில் 20 நிமிடம். கேமும் டேப்பட்டும் பழகுவது அந்த நேரத்தில்தான். பிறகு ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில். 500 கிலோமீட்டரில் டேப்பட் பார்க்கத் திரும்பி வர வேண்டும்.

வண்டிக்காரர் நேராக அன்று மாலை மாப்பிள்ளை அழைப்புக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டார்; முன்பணம் வாங்கியிருந்தாராம்.

“இன்னைக்கு நடக்க விடக்கூடாது சார், ஓட விடணும். உளுந்தூர்பேட்டை வரைக்கும் போயிட்டு வாங்க” என்ற மேஸ்திரி, இன்னோவா வைத்திருக்கும் ஒருவரின் போன் நம்பரைச் சாக்பீஸால் அதே சுவரில் எழுதினார்.