அத்தேன் வீதி மண்

உப்பளம் கல்லறைத் தோட்டத்தில், என் ஆயாவின் சவப்பெட்டிக்குள், அவர் வலக்கைக்கு அடியில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. கேமரா ஃபிலிம் சுருள் வரும் டப்பா. அதில் இருப்பது மார்செயில் புதைத்த தாத்தாவின் கல்லறை மண் என்று நம்பித்தான் 2009-இல் ஆயா கண்ணை மூடினார். கல்லறை மண் இல்லை அது. மார்செய் ரயிலடிக்குக் கீழே, அத்தேன் வீதியில் ஒரு மரத்தடியில் நான் பேனா மூடியால் சுரண்டி எடுத்தது. ஒரு சிகரெட் துண்டும் சேர்ந்து வந்தது. அதை மட்டும் பொறுக்கிப் போட்டேன்.

எங்களுடையது சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரைப் பாண்டியில் அப்படித்தான் சொல்வார்கள். தாத்தா சைகோனில் பணிசெய்தவர். 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். எத்தனையோ வீடுகளில் அண்ணன் இந்தியன், தம்பி பிரெஞ்சுக்காரன் என்று ஆனது அப்போதுதான். தாத்தா எழுதிக் கொடுத்தார். பிறகு மார்செய் துறைமுகத்தில், ழோலியெத் பக்கம், கிடங்குக் காவல் வேலைக்குப் போனார். ஆயாவைக் கூப்பிட்டார். கப்பலேற மாட்டேன் என்று ஆயா சொல்லிவிட்டார். 1974-இல் தாத்தா அங்கேயே இறந்தார். கூட இருந்த பாண்டிக்காரர்கள் காசு போட்டு சேன் பியேர் கல்லறைத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு இடம் வாங்கிப் புதைத்தார்கள். அந்தக் காகிதம் ஆயாவின் செபப் புத்தகத்துக்குள் இருந்தது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் உப்பளத்தில் மாமனார் மாமியார் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார். ஒன்று அதிகமாக ஏற்றி மதில் ஓரம் வைப்பார். அது தாத்தாவுக்கு.

அந்த ஒரு கையெழுத்தின் தயவில்தான் என் பாஸ்போர்ட். விசா வரிசையில் நின்றதில்லை. இருபத்துமூன்று வயதில் பாரீசுக்குப் படிக்கப் போனேன். அங்கே கூட்டாளிகளிடம், உதவித்தொகை வாங்கி வந்த இந்திய மாணவன் மாதிரி நடந்துகொண்டேன். பொய் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர்களாக நினைத்துக்கொண்டதைத் திருத்தவில்லை, அவ்வளவுதான். சொல்தா பேரன் என்று தெரிந்தால் மதிப்புக் குறைந்துவிடும் என்று ஓர் எண்ணம். பாண்டியில் அந்த வார்த்தைக்குள் பொறாமையும் இருக்கும், ஓர் இளக்காரமும் இருக்கும். இளக்காரம் மட்டும் என்னோடு விமானமேறி வந்துவிட்டது.

2005-இல் நாலு பேராக மார்செய் போனோம். இரண்டு நாள். போகும் முன் ஆயா போனில் வரிசை எண், குழி எண் இரண்டையும் சொல்லச்சொல்ல எழுதிக்கொண்டேன். "ஏம்பா, அவுங்க தலைமாட்டுல கொஞ்சம் மண்ணு எடுத்தாந்துடு" என்றார். சீட்டு பர்ஸில் இருந்தது. முதல் நாள் படகேறி இஃப் கோட்டைக்குப் போனோம். மறுநாள் பழைய துறைமுகத்தில் மீன் சாப்பிட்டோம். வெயில் நன்றாக இருந்தது. கல்லறைக்குப் போக வேண்டுமென்றால் யார் கல்லறை என்று சொல்ல வேண்டும், பட்டாளக் கதை முழுவதும் வரும். நாளை, நாளை என்று ரயில் நேரமே வந்துவிட்டது.

சேன் ஷார்ல் ரயிலடிக்கு ஏற 104 படிகள். அடியில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய பெண்கள் சாய்ந்து கிடப்பார்கள். ஒருத்தி பிரான்சின் ஆப்பிரிக்கக் காலனிகள், ஒருத்தி ஆசியக் காலனிகள். 1920-களின் பெருமை. கூட்டாளிகள் சாண்ட்விச் வாங்கப் போன ஐந்து நிமிஷத்தில்தான் அந்த மரத்தடியில் குனிந்தேன்.

ஊருக்கு வந்து டப்பாவைக் கொடுத்தபோது ஆயா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "அவுங்க பக்கத்துல யாரு இருக்காங்க?" என்று கேட்டார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. "ஒரு வெள்ளைக்காரப் பாட்டி ஆயா" என்றேன். ஆயா சிரித்தார். தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சாகும்வரை அந்த வெள்ளைக்காரப் பாட்டியைச் சக்களத்தி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

படிப்பு முடிந்து பாரீஸ் புறநகரிலேயே குடியேறினேன். மார்செய்க்கு மூன்று மணி நேர ரயில். பதினான்கு வருஷம் அந்தப் பக்கம் போகவில்லை. 2019 அக்டோபர் கடைசியில் வேலை நிமித்தம் போக நேர்ந்தது. நொவாயில் டிராம் ஏறி சேன் பியேரில் இறங்கினேன். வாசலில் சாமந்திச் செடிகள் தொட்டி தொட்டியாக விற்றார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்குச் சாமந்தி என்றாலே சாவுப் பூ, விருந்துக்குக் கொண்டுபோனால் வீட்டுக்காரி முகம் சுருங்கும். நம் ஊரில் அதைத் தலையிலேயே வைத்துக்கொள்வார்கள். ஒரு தொட்டி வாங்கிக்கொண்டேன். சின்ன இடமில்லை, 60 ஹெக்டேருக்கு மேல். நாடகாசிரியர் எத்மோன் ரொஸ்தான்கூட அங்கேதான் இருக்கிறார். சீட்டில் இருந்த வரிசையைத் தேடிப் பிடிக்க முக்கால் மணி நேரமானது. அந்த எண்ணில் பளபளவென்று சாம்பல் நிறச் சலவைக்கல். மேலே வேறு யாரோ ஒரு குடும்பத்தின் பெயர்.

அலுவலகத்தில் இருந்தவர் கணினியைப் பார்த்துச் சொன்னார். வாங்கிய முப்பது வருஷம் 2004-இல் முடிந்துவிட்டது. புதுப்பிக்க இன்னும் இரண்டு வருஷம் சட்டம் தருகிறது. யாரும் வரவில்லை. 2008-இல் இடத்தை எடுத்துக்கொண்டார்கள், எலும்புகள் பொது எலும்புக்கிடங்குக்குப் போய்விட்டன. "அந்த இரண்டு வருஷமும் கல்லறைமேல் அறிவிப்பு வைத்திருப்போமே மெஸ்யே, யாரும் பார்க்கவில்லையா?" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை, சும்மா கேட்டார்.

2004-இலிருந்து 2006 வரை. நான் இஃப் கோட்டையில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது அந்த அறிவிப்பு அங்கே இருந்திருக்கிறது. போயிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவன் எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான்.

எலும்புக்கிடங்கின் முன்னால் சாமந்தித் தொட்டியை வைத்தேன். மண் எடுக்கவில்லை. எடுத்து யாரிடம் கொடுப்பது?

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப்போகிறார். பிரான்சில் உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது புதைக்கப்பட்டிருந்தால் அந்தக் காகிதத்தைத் தேடி எடுங்கள், எந்த வருஷம் முடிகிறது என்று பாருங்கள். முடிந்த பிறகும் இரண்டு வருஷம் இருக்கிறது.