பால் வண்டி நின்றுபோனால் பால்கோவா எப்படி? ராஜபாளையம் பட்டறையில் இரண்டு நாள்!

திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744-ல் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டினால், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ராஜபாளையம். மேற்கே மலையும் கூடவே வரும். இந்த வழியில் வருகிறவர்கள் ஆண்டாள் கோயிலுக்கு வருவார்கள், செண்பகத்தோப்புக்கு வருவார்கள், குற்றாலம் போகும் வழியில் டீ குடிக்க இறங்குவார்கள். நான் வந்தது ஸ்பேனர் பிடிக்க.

ராஜபாளையம் மில் ஊர். 1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸிலிருந்து எத்தனையோ மில்கள். அதனால் மெக்கானிக்குகளுக்கு ஒரு வசதி... பேரிங், பெல்ட், போல்ட் எதற்கும் மதுரைக்கு ஓட வேண்டாம். கையில் வெட்டுப்பட்டால் கட்டுவதற்கான பேண்டேஜ் துணியைக்கூட பக்கத்தில் சத்திரப்பட்டியில்தான் நெய்கிறார்கள்!

நான் போனது ஒற்றை ஷட்டர் டூவீலர் பட்டறை. முப்பது வருடமாக வண்டி பார்க்கும் ஓர் அண்ணன், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன ஒரு தம்பி. ப்ளஸ் டூ முடித்தவன். பெண் பிள்ளை தரையில் உட்கார்ந்து போல்ட் கழற்றுவதைப் பார்த்து, வந்த கஸ்டமரெல்லாம் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் பேசினார்கள்.

முதல் பாடம் மரை. “கழட்டுறது பெருசில்லம்மா. மாட்டும்போது முதல் ரெண்டு சுத்து விரலால சுத்தணும். விரல்ல போகலைன்னா கோணலா ஏறுதுன்னு அர்த்தம். அப்பப் போயி ஸ்பேனரை வச்சு அழுத்துனா, மரை போச்சு” என்றார் அண்ணன். இன்ஜின் உடம்பு அலுமினியம், போல்ட் இரும்பு. முறுக்கினால் தோற்பது அலுமினியம்தான். பிறகு ஆயில் கசியும், லேத்துக்குத் தூக்க வேண்டும், ஒரு நாள் கூலி போகும். ‘மரை கழண்ட கேஸ்’ என்று ஆட்களைத் திட்டுகிறோமே, அது எவ்வளவு கடுமையான திட்டு என்று அங்கேதான் புரிந்தது.

இன்ஜினை அவர் நான்கே வார்த்தையில் முடித்துவிட்டார். உறிஞ்சு, அழுத்து, வெடி, வெளியே தள்ளு. இந்த நான்கும் முடிய கிராங்க் இரண்டு சுற்று சுற்றும். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் ஒரு வினாடிக்குள் 50 வெடி! அத்தனை வெடிக்கும் நெருப்பு வைப்பது சுண்டு விரல் நீள ஸ்பார்க் பிளக். அதைக் கழற்றி முனையைப் பார்ப்பது நாடி பிடிப்பது மாதிரி. பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெளுத்திருந்தால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது.

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு ஒரு மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார் பால்கார அண்ணாச்சி. இரண்டு பக்கமும் பால் கேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடும் இடத்தில் ஊற்ற வேண்டிய பால். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவின் கதை இப்படி ஒரு மொபெட்டின் முதுகில்தான் தொடங்குகிறது. வெயில் ஏறினால் பால் திரிந்துவிடும்.

மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிந்தது. அண்ணன் வழக்கம்போலக் காதை வைத்தார். பிளக் பார்த்தார். பிறகு சும்மா நின்றார்.

1980-ல் வந்த டிவிஎஸ் 50 டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். பெரும்பாலான கோளாறை அவர் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். 2015-ல் எக்ஸ்எல் 100 வந்தபோது அது ஃபோர் ஸ்ட்ரோக். அதுவும் பழகிவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதி வந்ததும் கார்புரேட்டர் போய்விட்டது. முன்பு ஒரு ஸ்குருவைத் திருகி வைத்த பெட்ரோல், காற்று அளவை இப்போது சென்சார்களைக் கேட்டு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி முடிவு செய்கிறது. அதற்குச் சத்தம் கிடையாது.

தம்பி போனில் வயரிங் படத்தை எடுத்தான். விரலால் ஒவ்வொரு வயராகத் தொட்டுக்கொண்டே போனான். ஒரு சாக்கெட்டில் களிம்பு பிடித்திருந்தது. சுரண்டித் துடைத்து மாட்டியதும், கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்தது. அண்ணாச்சி காசைக் கொடுத்துவிட்டுப் பறந்தார்.

“இவனை ஐ.டி.ஐ-க்குப் போன்னு சொல்றேன், கேக்க மாட்டேங்கிறான்” என்றார் அண்ணன். மோட்டார் மெக்கானிக் பிரிவு இரண்டு வருடம், பத்தாம் வகுப்பு பாஸ் செய்திருந்தால் போதும். அரசு ஐ.டி.ஐ என்றால் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. “அதை ரெண்டு நாள்ல இங்க சம்பாதிச்சிருவேன்க்கா” என்றான் தம்பி. கணக்கு சரிதான். ஆனாலும் அவன் போக வேண்டும் என்றே எனக்குத் தோன்றியது. அவன் வீட்டு வாடகையை நான் கட்டப்போவதில்லை என்பதால் வாயைத் திறக்கவில்லை.

மாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வண்டியை டெலிவரி கொடுக்க வேண்டியிருந்தது. நானும் போனேன். பதினொரு நிலை ராஜகோபுரத்தைப் பார்த்துவிட்டு, தேர் நிற்கும் இடத்துக்கு அழைத்துப் போனான். ஆடிப்பூரத்துக்கு ஓடும் தேர். “சின்னப்புள்ளைல இருந்து பாக்குறேன்க்கா. சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை குடுப்பாங்க, வேகம் குறையும். ஒரு பக்கமாக் குடுத்தா திரும்பும். நம்ம டிரம் பிரேக்லயும் அதான... ஷூ போயி டிரம்மை உரசுது. ஆனா இது வெளிய, அது உள்ள.” பட்டறையில் அண்ணன் பாடம் சொன்னபோது எனக்குப் பாதிதான் புரிந்திருந்தது. மீதி அங்கே புரிந்தது.

பஸ் ஏறும்போது, “ஐ.டி.ஐ-க்கு என்னென்ன சர்டிபிகேட்க்கா கேப்பாங்க?” என்றான். மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார் என்று சொன்னேன். கிரீஸ் கையோடு போனில் டைப் செய்துகொண்டான்.