சத்தம் வராத கோப்பு

முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு கோப்பு என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

2007ஆம் வருஷம், இங்கே புதுச்சேரியில் ஓர் உள்ளூர் கேபிள் சேனலில் என் மனைவி மீன் குழம்பு வைத்துக் காட்டினாள். அரை மணி நேர நிகழ்ச்சி. ஒளிபரப்பான நேரத்தில் நான் அலுவலகத்தில் இருந்தேன். மகன் கணினியில் டி.வி. டியூனர் கார்டு போட்டு வைத்திருந்தான். அதில் பதிவு செய்தான். ராத்திரி எல்லோரும் ஒருமுறை பார்த்துச் சிரித்தோம். அப்புறம் மறந்துபோனோம்.

அவள் போய் இரண்டு வருஷமாகிறது. போன மாதம் பழைய ஹார்ட் டிஸ்கில் அந்தப் பதிவு அகப்பட்டது. பென் டிரைவில் ஏற்றி, டி.வி.யோடு இணைத்திருக்கும் ஆண்ட்ராய்டு பெட்டியில் செருகினேன். படம் வந்தது. சத்தம் வரவில்லை.

அடுப்படியில் நிற்கிறாள். புளி கரைக்கிறாள். நடுவில் கேமராவைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். என்ன சொன்னாள்? எனக்கு ஞாபகம் இல்லை. அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டி உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஃபைல் கெட்டுப்போச்சுப்பா" என்றான் மகன் தொலைபேசியில்.

கெட்டுப்போனது என்று சொன்னால் என் மனசு ஒப்பாது. காரணம் இருக்கிறது. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். வேலைக்குச் சேர்ந்தபோது அலுவலகம் முழுக்க ஆங்கிலம். பாட்டன் காலத்துப் பிறப்புப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் மேசை மேசையாக அலைவார்கள். பிரெஞ்சில் இருப்பதால் யாருக்கும் புரியாது. "இது உதவாது" என்று திருப்பிக் கொடுப்பார்கள். கடைசியில் என்னிடம் வரும். நான் படித்துச் சொல்வேன். காகிதத்தில் ஒரு குறையும் இருக்காது.

கணினி கடைத் தம்பி விளக்கியபோது இதுவும் அதே கதைதான் என்று தெரிந்தது. கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எம்.பி.ஜி. என்பது மேலட்டை மாதிரி. உள்ளே படம் தனியாக, ஒலி தனியாக, ஒவ்வொன்றும் ஒரு முறையில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்தக் காலத்து டியூனர் கார்டுகள் ஒலியை எம்.பி.2 என்ற பழைய முறையில் எழுதின. என் பெட்டியோடு வந்த பிளேயருக்குப் படத்தைப் படிக்கத் தெரிந்தது, அந்த ஒலியைப் படிக்கத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

"வி.எல்.சி. போட்டுப் பாருங்க சார், பணம் கட்ட வேண்டாம்" என்றார் தம்பி. அது பெட்டியை நம்பியிராமல், பழைய முறைகளைப் படிக்கும் வித்தையைத் தன்னோடே வைத்திருக்கிறதாம். ஆரஞ்சும் வெள்ளையுமாகச் சாலையில் வைக்கும் கூம்புதான் அதன் அடையாளம். பிறகு விசாரித்தால், 1996இல் எக்கோல் சாந்த்ரால் பாரி மாணவர்கள் தொடங்கிய வேலையாம் அது. என் பள்ளிக்கூடத்து மொழிக்காரர்களே கைகொடுத்தார்கள் என்று எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

பெட்டியில் வி.எல்.சி.யை இறக்கி, மறுபடி ஓட்டினேன். முதலில் தாளிக்கும் சத்தம் வந்தது. பிறகு அவள் குரல். அந்த இடமும் வந்தது.

"எங்க வூட்டுக்காரருக்குக் காரம் ஆவாது. வாய் திறந்து சொல்லமாட்டாரு. நாமதான் பாத்து மொளகாயக் கொறைக்கணும்."

நாற்பது வருஷம் அவள் குழம்பில் காரம் இயல்பாகவே குறைவு என்றுதான் நினைத்திருந்தேன்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பழைய பதிவுகள் இருக்கும். ஒரு பெட்டி ஓட்டவில்லை என்பதற்காக அழித்துவிடாதீர்கள். வேறு பிளேயரில் போட்டுப் பாருங்கள். புது முறைக்கு மாற்றினாலும் மூலத்தைத் தொடாமல், இரண்டு பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். நான் மூன்று எடுத்திருக்கிறேன்.