நகப்பூச்சும் நாலு நிமிடமும்

2025 செப்டம்பர் 1, திங்கட்கிழமை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் நெயில் சலூன் வைத்திருந்த பலருக்கு அன்று விசித்திரமாக விடிந்தது. முந்தைய நாள் இரவு வரை அலமாரியில் சரக்காக இருந்த ஜெல் பாலிஷ் பாட்டில்களில் சில, காலையில் கழிவாகிவிட்டன. விற்கக் கூடாது. கைவசம் இருப்பதை வாடிக்கையாளர் விரலில் பூசித் தீர்க்கவும் கூடாது. இருப்பு தீரும்வரை அவகாசம் என்ற பேச்சே இல்லை. அடக்கவிலை அல்லது சந்தை விலை, இரண்டில் எது குறைவோ அதைப் போட வேண்டும் என்று அக்கவுண்ட்ஸில் முதல் வருடமே சொல்லிக் கொடுப்பார்கள் அல்லவா? இங்கே சந்தை விலை பூஜ்யம். கணக்கு சுலபம், வயிற்றெரிச்சல்தான் அதிகம்.

காரணம் டிபிஓ என்ற ஒரு பொருள். முழுப் பெயர் டிரைமெத்தில்பென்சாயில் டைஃபீனைல்பாஸ்ஃபீன் ஆக்சைடு (ஒரே மூச்சில் சொல்பவர்களுக்குப் பரிசு!). சாதாரண நெயில் பாலிஷ் காற்றில் காய்கிறது. அதில் உள்ள கரைப்பான் ஆவியாகிப் போகும், நிறம் மட்டும் நகத்தில் தங்கும். ஜெல் பாலிஷ் காய்வதே இல்லை, இறுகுகிறது. விளக்குக்கு அடியில் விரலை வைத்ததும் அந்த ஒளியை வாங்கிக்கொண்டு, உள்ளே தனித்தனியாகத் திரியும் மூலக்கூறுகளைக் கைகோக்க வைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் டிபிஓ. எல்இடி விளக்கின் 405 நானோமீட்டர் ஒளியிலும் நன்றாக வேலை செய்யும், வெள்ளை நிறத்தை மஞ்சளாக்காது. அதனால்தான் அத்தனை பிராண்டுகளுக்கும் அதன் மேல் அவ்வளவு பிரியம்.

விலங்கு ஆய்வுகளின் அடிப்படையில், இனப்பெருக்கத் திறனைக் கெடுக்கக்கூடிய பொருள் என்று ஐரோப்பா அதை வகைப்படுத்தியது. அந்த வகைக்குள் வந்த பொருளை அழகு சாதனங்களில் சேர்க்க முடியாது, தனி விதிவிலக்கு கிடைத்தால் ஒழிய. இதற்குக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும், நகத்தில் 5 சதவீதம் வரை இருந்தால் பாதுகாப்பானதுதான் என்று 2014ல் அதே ஒன்றியத்தின் அறிவியல் குழு கருத்துச் சொல்லியிருந்தது. நகத்தில் எவ்வளவு படுகிறது என்பது ஒரு கேள்வி, பொருளுக்கே உள்ள குணம் என்ன என்பது வேறு கேள்வி. சட்டம் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. மாதம் ஒருமுறை வரும் வாடிக்கையாளருக்கு இது மிகையாகத் தெரியலாம். வருடம் முழுக்க அதையே தொட்டுக்கொண்டிருக்கும் தொழிலாளியின் பக்கம் நின்று பார்த்தால் அப்படித் தெரியாது.

சேதி யாருக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்பதுதான் யோசிக்க வேண்டிய இடம். 2023 ஜூனிலேயே கவலைக்குரிய பொருட்களின் ஐரோப்பியப் பட்டியலில் டிபிஓ சேர்ந்துவிட்டது. 2024 ஜனவரியில் வகைப்பாடு அதிகாரபூர்வமானது. தடை ஒழுங்குமுறை 2025 மே மாதம் வந்தது. பெரிய நிறுவனங்களிடம் இதையெல்லாம் படிக்கவே சம்பளத்துக்கு ஆள் உண்டு, அவர்களுக்கு இரண்டு வருடம் கிடைத்தது. ஜெர்மனியில் பல நகக்கடைகளை நடத்துபவர்கள் வியட்நாமிலிருந்து குடியேறியவர்கள். ஒரு மேசை, ஒரு விளக்கு வைத்து வேலை செய்யும் பெண் அந்த நாட்டு அரசிதழைப் புரட்டிக்கொண்டா இருப்பார்? கோடையில் தள்ளுபடி விலையில் நிறைய வாங்கி அடுக்கியவர் பாவம். அந்தத் தள்ளுபடி எதற்கு என்று அவருக்குப் பிறகுதான் புரிந்திருக்கும்.

சரி, புது பாட்டில் வாங்கியாயிற்று, பிரச்சினை முடிந்ததா? இல்லை. பல பிராண்டுகள் மாற்றாக எடுத்துக்கொண்டது டிபிஓ-எல். பெயர் பங்காளி மாதிரி இருந்தாலும் இது வேறு பொருள், தடையில் இல்லை. லேபிளில் 'எத்தில்' என்று தொடங்கி 'ஃபினேட்' என்று முடியும். அவசரத்தில் பார்த்தால் நல்ல பாட்டிலையும் குப்பையில் போட்டுவிட வாய்ப்புண்டு. எல்இடி ஒளியில் இதன் வேகம் பழையதை விடக் குறைவு. எனவே கலவையைப் பொறுத்து, பழகிய 30 விநாடி 60 ஆகலாம்.

30 விநாடி என்ன பெரிய விஷயம்? அடிப்பூச்சு ஒன்று, நிறம் இரண்டு, மேல்பூச்சு ஒன்று என நாலு பூச்சு. இரண்டு கை. ஆக எட்டு தடவை, 4 நிமிடம். ஒரு நாளைக்கு எட்டுப் பேர் வந்தால் 32 நிமிடம். ஒரு கை விளக்கில் இருக்கும்போது மறு கைக்குப் பூசும் சாமர்த்தியம் இருந்தால் இதில் பெரும்பகுதி மிச்சமாகும். விளக்கு அணையட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் இருந்தால் ஒரு வாடிக்கையாளரே போய்விடுவார்.

இந்த நேரத்தைத் திருடினால் என்ன ஆகும் என்பதுதான் ஆபத்தான இடம். மேலே பளபளவென்று இறுகி, அடியில் பச்சையாகவே நிற்கும். கறுப்பு போன்ற அடர்ந்த நிறங்களில் ஒளி கீழே இறங்காது என்பதால், தடிமனாகப் பூசினால் பாலாடை போலச் சுருங்கும். சுருங்கினாலாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் உள்ளே இறுகாமல் நிற்கும் பகுதியில் உள்ள மெத்தாக்ரிலேட்தான் தோல் ஒவ்வாமையைக் கொண்டுவருகிறது. 2018லேயே பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் இதைப் பற்றி எச்சரித்தது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது நகத்தோடு நிற்பதில்லை. பல் அடைப்பு, மூட்டு மாற்றுக்கான சிமெண்ட், சர்க்கரை அளவு பார்க்கத் தோலில் ஒட்டும் கருவி என்று அதே குடும்ப ரசாயனம் இருக்கும் இடங்களில் எல்லாம் வந்து நிற்கக்கூடும்.

பிசின் போலப் பிடித்துக்கொள்ளும் ஹீமா என்ற பொருளையும் 2021 முதல் ஐரோப்பாவில் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஹீமா இல்லாத பாலிஷ்கள் பெருகின. அவற்றில் பல, நகத்தைச் சரியாகத் தயார் செய்யாவிட்டால் விளிம்பிலிருந்து உரிந்து வரும். ஆக இப்போது கைவேலை கூடியிருக்கிறது. நகத்தின் மேல் படர்ந்த தோலை முழுக்க நீக்க வேண்டும், எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும், மெல்லிய பூச்சாகப் போட வேண்டும், நுனியையும் சேர்த்து மூட வேண்டும். ஓரத் தோலில் ஒரு சொட்டு பட்டாலும் விளக்கில் வைக்கும் முன்பே துடைத்துவிட வேண்டும்.

விளக்கும் ஒரு தலைவலி. பெட்டியில் அச்சிட்ட 48 வாட் என்பது அது இழுக்கும் மின்சாரம், நகத்தில் விழும் ஒளியின் கணக்கு அல்ல. எனவே பாலிஷ் தயாரித்தவர் எந்த விளக்கில் எத்தனை விநாடி என்று சோதித்தாரோ அந்த விளக்கே வேண்டும். மலிவாக வாங்கியதில் நேரத்தை மட்டும் கூட்டி வைத்து ஈடுகட்டிவிடலாம் என்பது உறுதியில்லாத காரியம். பாட்டில்களைத் தூக்கிப் போட்டவருக்கு அடுத்த செலவாக விளக்கு வந்து நிற்கிறது. தூக்கிப் போடுவதற்கும் முறை உண்டு, இறுகாத ஜெல்லைத் தொட்டியில் ஊற்றிவிட முடியாது, ரசாயனக் கழிவாகக் கொடுக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இருந்தால் அதுவும் அந்த ஒற்றை மேசைக் கடைக்காரர் தலையில்தான்.