ஒரு தோட்டாவின் விலை

கடைக்காரர் இரண்டு ரைஃபிள்களை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டும் பழையவை, இரண்டும் போல்ட் ஆக்‌ஷன். ஒன்று .300 வின்செஸ்டர் மேக்னம். ஸ்கோப்போடு சேர்த்து 1,350 டாலர். இன்னொன்று .308 வின்செஸ்டர். ஸ்கோப் இல்லாமல் 1,050. என்னிடம் இருந்தது மொத்தமே 2,500 நியூசிலாந்து டாலர். இரும்புப் பெட்டி, ஸ்கோப், தோட்டா எல்லாம் அதற்குள் முடியவேண்டும். நம் வெள்ளியில் ஏறக்குறைய ஆறாயிரம். எதைப் பார்த்தாலும் வெள்ளிக்கு மாற்றிப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

முந்தின வாரமே எக்செல் தாள் தயார். குண்டின் எடை, வேகம், ஆற்றல், விலை. .308க்குச் சுமார் 3,600 ஜூல், மேக்னத்துக்குச் சுமார் 4,700. கடைசிப் பத்தியில் ஒரு டாலருக்கு எத்தனை ஜூல் என்றுகூடப் போட்டிருந்தேன். பொறியியல் படித்தவனுக்கு வரும் வியாதி. அந்தப் பத்தியில் மேக்னம்தான் ஜெயித்தது. ஸ்கோப்பும் கூடவே வருகிறது. வேறென்ன யோசனை?

நான் டௌபோ பக்கம் ஒரு புவிவெப்ப மின்நிலையத்தில் வேலை செய்கிறேன். இங்கே மான் வேட்டை என்பது பணக்காரர் விளையாட்டு இல்லை. வெல்டர் போகிறார், பள்ளி ஆசிரியை போகிறார். மனிதர் வருவதற்குமுன் இந்த நாட்டு நிலத்தில் இருந்த பாலூட்டி வௌவால் மட்டும்தான். மானெல்லாம் கப்பலில் வந்தவை. பக்கத்துக் கைமானவா மலைக்காட்டில் இருக்கும் சிகா மான்கள் 1905இல் கொண்டுவந்து விடப்பட்டவை. தின்பதற்குப் புலி இல்லை, சிறுத்தை இல்லை. மான்கள் பெருகிக் காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்க்கின்றன. அதனால் அரசு நிலத்தில் வேட்டையாட இலவசமாகவே அனுமதி கொடுக்கிறார்கள்.

துப்பாக்கி உரிமம் வேறு கதை. வகுப்பு, தேர்வு, வீட்டுக்கு வந்து நேர்காணல், பெட்டியைச் சுவரோடு முடுக்கியிருக்கிறேனா என்று இழுத்துப் பார்த்தல். என்னை அறிந்தவர்களிடம் தனியாகவும் விசாரித்தார்கள். நான் கோபக்காரனா, குடிப்பேனா என்றெல்லாம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வளர்ந்த எனக்கு இது பெரிதாகத் தெரியவில்லை. உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா பையில் இருந்தாலும் குற்றம் என்ற ஊரிலிருந்து வந்தவன் நான். அம்மாவிடம் போனில் சொன்னபோது, “துப்பாக்கியா? அங்க போயி உனக்கு என்னடா கேடு?” என்று வைத்துவிட்டார்.

பாட்டி வைக்கவில்லை. “எதுக்குடா சுடப்போற?” என்று கேட்டார். மானுக்கு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

பாட்டியின் இடது கெண்டைக்காலில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு உண்டு. கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் வாங்கியது. வெளியிலிருந்து உரிமம் உள்ள ஒருவர் ஒற்றைக்குழல் துப்பாக்கியோடு காட்டுப்பன்றிக்கு வருவாராம். தாத்தா அவருக்கு டார்ச் பிடிக்கப் போவார். கறியில் பங்கு கிடைக்கும். ஒரு ராத்திரி அடிபட்ட பன்றி லாலாங் புல்லுக்குள் ஓடிவிட்டது. இருட்டில் தேட வேண்டாம், காலையில் பார்க்கலாம் என்று அவர் மோட்டார் ஏறிப் போய்விட்டார். விடிவதற்குமுன் மரம் வெட்டப்போன பாட்டிதான் அதைக் கண்டுபிடித்தார். அல்லது அது பாட்டியைக் கண்டுபிடித்தது.

“எனக்குப் பன்னி மேல கோவமே இல்லப்பா. ராத்திரி பூரா வலியில கெடந்துருக்கு. சுட்டுட்டு வீட்டுக்குப் போயி தூங்குனான் பாரு, அவன் மேலதான்.”

இந்தக் கதையைச் சின்ன வயதில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். என் எக்செல் தாளில் இதற்குப் பத்தி இல்லை.

கடையில் அன்று எதையும் வாங்கவில்லை. எங்கள் நிலையத்தின் மூத்த டெக்னீசியன் ஒருவரிடம் .300 மேக்னம் இருந்தது. முதலில் அதைச் சுட்டுப்பார் என்று சுடுதளத்துக்குக் கூட்டிப்போனார். முதல் தோட்டாவில் தோள் அதிர்ந்தது, சிரித்தேன். மூன்றாவதில் சிரிப்பு வரவில்லை. ஆறாவதைப் போட்டு விசையை அழுத்தினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எனக்குத் தெரியாமல் போலித் தோட்டா ஒன்றை வைத்திருந்தார். வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் முனை என் கையிலேயே கீழே குத்தி இறங்கியதை இருவரும் பார்த்தோம். உதை வரும் என்று பயந்து என் உடம்பு முன்கூட்டியே அதைத் தள்ளியிருக்கிறது. கண்ணையும் மூடியிருக்கிறேன். மானாக இருந்திருந்தால் வயிற்றிலோ காலிலோ பட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து உதையைக் கணக்குப் போட்டேன். ஒரே எடையுள்ள ரைஃபிளில் மேக்னத்தின் உதை .308ஐவிட ஒன்றரை மடங்கைத் தாண்டுகிறது. பதிலுக்குக் கிடைக்கும் கூடுதல் ஆற்றல் தூரத்தில் இருக்கும் பெரிய மிருகத்துக்கு. கைமானவாவின் பீச் மரக்காட்டிலோ மான் நூறு மீட்டருக்குள்தான் தெரியும், பல நேரம் ஐம்பதுக்குள். ஆயிரத்துச் சொச்சம் ஜூலை நான் மரத்துக்குப் பின்னால் இருக்கும் மண்ணுக்குத்தான் கொடுத்திருப்பேன்.

மிச்சமிருந்தது .308, 7 எம்.எம்-08, .243. மூன்றும் ஒரே குடும்பம்: .308இன் பித்தளைக் கூட்டைக் கழுத்தில் ஒடுக்கிச் செய்தவைதான் மற்ற இரண்டும். .243 சாதுவானது. ஆனால் குண்டு சிறியது, அதே காட்டில் சிகாவைவிடப் பெரிய செம்மானும் திரிகிறது. புதியவன் கொஞ்சம் தப்பாக அடித்தாலும் மன்னிக்கும் அளவு அதில் குறைவு. உண்மையைச் சொன்னால் 7 எம்.எம்-08தான் எனக்குப் பிடித்தது. உதையும் மிதம், குண்டும் போதுமானது. ஆனால் எங்கள் ஊர்க் கடையில் அதற்கு இரண்டே வகைத் தோட்டா, இரண்டும் விலை. .308 வந்தது 1952இல். தூண்டில் முள் விற்கும் சின்னக் கடையிலும் அதன் தோட்டா கிடைக்கும். நான் பார்த்த மலிவானது ஒன்று இரண்டரை டாலர், மேக்னம் ஐந்து.

இப்போது கணக்கு தலைகீழானது. மேக்னம் வாங்கினால் பெட்டிபோக மீதி 800 டாலர், 160 தோட்டா. .308 வாங்கி, 500க்கு ஒரு சாதாரண 3-9 ஸ்கோப்பும் வளையமும் போட்டு, பெட்டியும் வாங்கினால் மீதி 600. ஆனால் 240 தோட்டா. அந்த 240ஐயும் கண்ணைத் திறந்துகொண்டே சுடலாம். மறுநாள் போய் அந்த .308ஐ வாங்கினேன். ஹோவா, ஜப்பான் தயாரிப்பு. கட்டையில் இரண்டு கீறல். சத்தம் குறைக்கும் சப்ரஸர் இங்கே சர்வசாதாரணம், எனக்குத்தான் காசு பத்தவில்லை. காதுமூடி போதும்.

தோட்டா எல்லாம் ஒரே வகையில், ஒரே நேரத்தில் வாங்கினேன். வகை மாறினால் அதே ரைஃபிள் வேறு இடத்தில் அடிக்கும். நான்கு மாதம், சனிக்கிழமைதோறும். மேசைமேல் வைத்துச் சுடுவதைச் சீக்கிரமே விட்டுவிட்டேன். காட்டில் மேசை ஏது? உட்கார்ந்து, மண்டியிட்டு, முதுகுப்பையில் சாய்ந்து சுட்டேன். குறி, இருபது சென்டிமீட்டர் காகிதத் தட்டு. மானின் நெஞ்சுக்கூட்டில் நமக்குக் கிடைக்கும் இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். பத்துக்குப் பத்தும் தட்டில் விழுந்த தூரம் 150 மீட்டர். அதற்குமேல் என்ன நின்றாலும் சுடுவதில்லை என்று முடிவு. அங்கேயே 180 தோட்டா தீர்ந்தது.

மே மாதக் கடைசியில் போனோம். முதல் நாள் மாலை, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நல்ல கொம்போடு ஒரு ஆண். தூரமானி 230 என்றது. டெக்னீசியன் என்னைப் பார்த்தார். நான் போல்ட்டைத் தொடவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் அந்தி. எண்பது மீட்டரில், கிளைக்காத கொம்போடு ஒரு இளம் ஆண் ஓடையோரம் வந்தது. பின்னால் மண்மேடு. உட்கார்ந்து சுட்டேன். உதை ஞாபகமே இல்லை. மான் துள்ளியது, காட்டுக்குள் ஓடியது, காணவில்லை.

வயிறு கலங்கிவிட்டது. நெஞ்சில் சரியாகப் பட்ட மானும் ஐம்பது அறுபது மீட்டர் ஓடும் என்று படித்திருக்கிறேன். படித்தது அந்த நேரத்தில் உதவவில்லை. இருட்ட ஆரம்பித்தது. மழையும் வரும்போல இருந்தது. “கூடாரத்துக்குப் போய்க் காலையில் வரலாம்” என்று அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் மான் நின்ற இடத்தில் தொப்பியை வைத்துவிட்டு, தலைவிளக்கைப் போட்டுக் குனிந்தேன். ஒரு பெரணி இலையில் நுரைத்த ரத்தம், நுரையீரல் ரத்தம். அப்புறம் எட்டடிக்கு ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு சொட்டு.

ஞாயிற்றுக்கிழமை பாட்டிக்குப் போன் செய்தேன்.

“பட்டுச்சா?”

“பட்டுச்சு பாட்டி. ஆனா ஓடிருச்சு.”

“தேடுனியா?”

“தேடுனேன். முக்கால் மணி நேரம். மரத்தடியில கெடந்துச்சு. செத்துருந்துச்சு.”

“ம்ம்.” பின்னால் டிவி சத்தம் கேட்டது. “அங்க மஞ்சத்தூள்லாம் கெடைக்குதா உனக்கு?”