விடுமுறைப் பங்கு எந்த மலையில்?

மும்பையில் வாழும் நம்மவர் இல்லங்களில் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. ‘டைம்ஷேர்’ என்னும் விடுமுறைப் பங்கில் சேரலாமா, சேர்வதாயின் எந்த ஊரை மனத்திற் கொண்டு சேர்வது என்பதே அப்பேச்சு. 1963-ல் ஸ்விட்சர்லாந்தில் ஹாப்பிமாக் நிறுவனம் தொடங்கிய இம்முறையை, நம் நாட்டில் 1986-ல் ஸ்டெர்லிங்கும் 1996-ல் மஹிந்திராவும் கைக்கொண்டன.

ஒரு தொகை செலுத்தினால் பல ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் இத்தனை பாயிண்டுகள் என்று நம் கணக்கில் வரவு வைக்கிறார்கள். அவற்றைக் கொடுத்து விடுதியில் அறை பெறலாம். மே மாத அறைக்குப் பாயிண்டுகள் மிகுதி; மழைக்கால அறைக்குக் குறைவு. தாம் பங்கு வாங்கிய விடுதியில் முந்திப் பதிவு செய்யும் உரிமையும் சில திட்டங்களில் உண்டு. ஆகவே, நாற்பது ஊர்களின் வண்ணப்படங்களைக் கண்டு மயங்காமல், நாம் ஆண்டுதோறும் உண்மையில் செல்லக்கூடிய ஓர் ஊர் எது என்று முதலில் தெளிதல் வேண்டும்.

மும்பைக்கு அண்மையில் மாதேரான் இருக்கிறது. நேரலிலிருந்து சிறு ரயில் ஏறும் அம்மலையில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. செம்மண் பாதையும் மர நிழலும் உள்ளத்தைக் குளிர்விக்கும். ஆயினும் உயரம் ஏறத்தாழ 2,600 அடியே. இரண்டு நாள் தங்கி மீள்வதற்கு ஏற்ற இடம். சுமார் 4,500 அடி உயரமுள்ள மகாபலேஷ்வரம் இதனினும் குளிர்ச்சி. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே மழை கொட்டித் தீர்க்கும். இவ்விரண்டிற்கும் சனி, ஞாயிறுகளிலேயே சென்று வரலாம். இதற்காகப் பல்லாண்டுப் பங்கு எதற்கு?

நம்முடைய நீண்ட விடுப்போ ஊருக்கென்றே கழிகிறது. கோடையில் குழந்தைகளுடன் மதுரைச் சீமைக்கோ நெல்லைக்கோ செல்லாத குடும்பம் அரிது. மற்றொரு மலைக்கென்று மீண்டும் விடுப்புக் கேட்டால் எந்த முதலாளி தருவார்? ஆதலின், ஊர்ப் பயணத்தின் வழியிலேயே அமைந்த மலைதான் நமக்குப் பயன்படும். கோவைப் பக்கத்தாருக்கு உதகை பொருந்தும். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் மலை ரயிலில் செல்வதே ஓர் இன்பம். மதுரை, திண்டுக்கல், நெல்லையைச் சேர்ந்தோருக்குக் கோடைக்கானலே தக்கது.

ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், 1863-ல் அமைக்கப்பட்ட ஏரியைச் சுற்றி அவ்வூர் விரிகிறது. கோடைக்கானல் ரோடு நிலையத்திலிருந்து மலைப்பாதை சுமார் 80 கிலோமீட்டர். குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்து, மேகம் விலகிய பொழுதில், பழனி மலை தெரியும். இவற்றினும் பெரிய சிறப்பு ஒன்றுண்டு. மும்பை வரை வரவியலாத பாட்டனும் பாட்டியும் அங்கே வந்து பேரக் குழந்தைகளுடன் ஒரு வாரம் தங்கலாம். முதுமையுற்ற பெற்றோருடன் கழிக்கும் அவ்வாரத்திற்கு விலை ஏது?

பயணத்திற்குரிய செய்திகள் இரண்டு: ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. விடுதி அறையை அதற்கும் முன்னரே பதிய நேரலாம். பயணச்சீட்டுக் கிடைக்காவிடில் பாயிண்டுகள் கழியுமா என்று கேட்டறிக. உதகைக்கும் கோடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களில் செல்வோருக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்துள்ளது; புறப்படுமுன் அப்போதைய விதியை விசாரித்துக்கொள்க.

இனிக் கணக்கு. எடுத்துக்காட்டாக, 25 ஆண்டுகளுக்கு 4 லட்சம் ரூபாய் என்றால் ஆண்டுக்கு 16,000. பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 20,000 என்று கொண்டால், ஒரு வாரத் தங்கலுக்கு 36,000 ரூபாய். உணவும் ரயிலும் வேறு. போகாத ஆண்டிலும் கட்டணம் நிற்காது, ஏறவும் கூடும். கடன் வாங்கிச் சேர்ந்தால் வட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே வாரத்திற்கு அதே ஊரில் நல்ல அறை என்ன வாடகை என்று விசாரித்து, இரண்டையும் ஒப்பிட்டு நோக்குக.

பாயிண்டு நிலமன்று, அதற்குப் பட்டா இல்லை, விற்க முயன்றால் வாங்குவாரும் அரியர். விருந்தளித்து, அன்றே கையொப்பம் கேட்பாரிடம் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கி, வீட்டில் அமர்ந்து படியுங்கள். மே மாதத்தில், நீங்கள் விரும்பும் மலையில், அறை தருவோம் என்ற உறுதி அதில் எழுத்தில் உள்ளதா என்று பாருங்கள். இல்லையேல், அப்பணம் பிள்ளைகளின் படிப்பிற்காக வங்கியில் இருக்கட்டும். வாடகை அறை எடுத்தே கோடைக்கானலுக்குச் சென்று வாருங்கள். பெற்றோரை அழைக்க மட்டும் மறவாதீர்கள்.